எம்மேல போட்ரு

சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசைக்காரர் குவளையைத் தவறவிட்டால், மன்னிப்புக் கேட்பவன் அவனாக இருப்பான். கடைக்காரர் துடைப்பத்தோடு வருவதற்குள் எழுந்து, "சாரி பாஸ், கால் பட்ருச்சு" என்று சொல்லிவிடுவான். கால் பட்டிருக்காது. அவனுக்கும் அந்த மேசைக்கும் நடுவில் ஓர் ஆள் தாராளமாக நடந்து போகலாம். குவளையைப் போட்டவர் ஒரு கணம் குழம்புவார், பிறகு நிம்மதியாகச் சாப்பாட்டைத் தொடர்வார். நன்றிகூடச் சொல்ல மாட்டார். தப்புச் செய்தவனுக்கு யார் நன்றி சொல்வார்கள்?

"எம்மேல போட்ரு" என்பது அவன் வாயில் எப்போதும் இருந்த பேச்சு. தாமதமாகப் போனால் எம்மேல போட்ரு. ஒலிபெருக்கி அலறினால் எம்மேல போட்ரு. கூட வந்தவனுக்கு வயிறு சரியில்லை என்றாலும் நேற்று ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தது நான்தானே என்று ஒரு காரணம் வைத்திருப்பான். நாங்களும் போட்டோம். பதினைந்து வருடத்துக்கு மேலாக எங்கள் குழுவில் நடந்த எந்தத் தப்புக்கும் வேறொரு சொந்தக்காரர் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

ஆள் நெட்டை. கழுத்து நீளம், அதில் குரல்வளை ஏறி இறங்குவதைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம். சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். தலையில் சீவுவதற்கு அதிகம் மிச்சமில்லாமல் போன பிறகும் சீப்பை விடவில்லை.

குழு என்று சொன்னேன். நந்தி கலைக்குழு. ஜோகூரில் மாசாய், பாசிர் கூடாங் பக்கத்தில் கல்யாண விருந்துக்கோ இருபத்தோராம் பிறந்தநாளுக்கோ போயிருந்தால் எங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பாட்டு, ஒரு நகைச்சுவைத் துண்டு, மறுபடி பாட்டு என்று இரண்டு மணி நேரம் ஓட்டுவோம். யாருக்கும் இது தொழிலில்லை. கலா கீபோர்டு வாசிப்பாள், பகலில் கிளினிக்கில் வேலை. குமரன் உருமி அடிப்பான், பகலில் லோரி ஓட்டுகிறான். நான் பாடுவேன், நிகழ்ச்சிக்கு நாள் குறித்துக்கொள்வதும் என் பொறுப்பு. அவன் நாலாவது ஆள். பாடத் தெரியாது, வாசிக்கத் தெரியாது, நகைச்சுவைத் துண்டில் அடி வாங்குகிறவன் எப்போதும் அவன்தான். மற்ற நேரத்தில் ஒயர் இழுப்பான், பெட்டி தூக்குவான். உப்புக்குச் சப்பாணி என்பார்களே, அது.

பெயரைப் பார்த்து எங்களைச் சிவபக்தர்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. பேனர் அடித்துக் கொடுத்தவர் அவராகவே ஒரு காளை மாட்டின் படத்தைப் போட்டுவிட்டார். அதை மாற்றவே இல்லை. உண்மையில் அந்த நந்தி வேறு. மலாயில் நந்தி என்றால் 'பொறு, அப்புறம்' என்று அர்த்தம். அதற்கு ஒரு கதை இருக்கிறது. ஆயிரம் தடவை மேடையில் சொல்லி எனக்கே சலித்துப்போன கதை. ஆனால் அதைச் சொல்லாமல் அவனைப் பற்றிச் சொல்ல முடியாது.

ஆறாம் ஆண்டுச் சோதனையில் மலாயில் சறுக்கிய தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் நேரே முதலாம் படிவத்துக்குப் போக முடியாது. இடைநிலைப் பள்ளியில் ஒரு வருடம் புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். ரிமூவ் கிளாஸ் என்போம். மற்ற வகுப்பார் எங்களை வேறு என்னென்னவோ சொன்னார்கள், அது இப்போது வேண்டாம். கோத்தா திங்கி பக்கத்துத் தோட்டத்தில் வெள்ளம் வந்து வீட்டுச் சாமானெல்லாம் போன பிறகு, அப்பா பாசிர் கூடாங்கில் வேலை தேடிக்கொண்டு எங்களை மாசாய் அடுக்குமாடிக்குக் கூட்டி வந்திருந்தார். எனக்கு அந்தப் பள்ளியில் ஒருவரையும் தெரியாது.

மலாய் ஆசிரியரை நாங்கள் சிக்கு என்போம். எங்கள் வகுப்புச் சிக்கு நல்ல மனம் படைத்த அம்மா. முதல் நாள் உள்ளே வரும்போதே கைகூப்பி 'வணக்கம்' என்றார். எங்களுக்காக யாரிடமோ கேட்டுக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார். வகுப்பே பூரித்துப் போனது. நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, கட்டுரைப் புத்தகத்தைக் கொடுக்க நானும் அவனும் அவர் மேசை முன்னால் ஒன்றாகப் போய் நின்றோம். எங்கள் முதுகு வகுப்பைப் பார்த்து இருந்தது. சிக்கு வாசலில் நின்ற இன்னோர் ஆசிரியரோடு பேசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்து, ஒரு கையை உயர்த்தி, "நந்தி, நந்தி" என்றார்.

நந்தி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாமலில்லை. ஆறு வருடம் மலாய் படித்தவன். ஆனால் வணக்கம் சொன்ன வாய் அடுத்து நன்றிக்கு வந்திருக்கிறது என்றுதான் என் காது எடுத்துக்கொண்டது. இவ்வளவு பெரிய ஆசிரியர் இரண்டு தடவை நன்றி சொல்கிறாரே என்று கூச்சமாகிவிட்டது. பணிவாக, உரக்கச் சொன்னேன்: "பரவால்ல சிக்கு."

வகுப்பு கூரையைப் பிய்த்தது. சிக்கு திரும்பி, யார் சொன்னது என்று மலாயில் கேட்டார். எனக்குக் காது சுட்டது, கண் கலங்கிக்கொண்டு வந்தது. ஒரு வாரத்துக்குள் அந்தப் பள்ளியில் என் பெயர் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது பக்கத்தில் நின்ற நெட்டையன் கையைத் தூக்கினான். தூக்கியதோடு விடவில்லை, வகுப்பைப் பார்த்துத் திரும்பி, இடுப்பை வளைத்துக் குனிந்து, கல்யாண வீட்டுக்காரர் விருந்தாளியிடம் சொல்வதுபோல இழுத்து இழுத்து, "பரவால்ல சிக்கு, பரவால்ல" என்று இன்னொரு தடவை சொன்னான். முதலில் கேலியாகச் சிரித்த வகுப்பு இப்போது ரசித்துச் சிரித்தது. யாரோ விளக்கிச் சொன்னதும் சிக்குவும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மணியடித்ததும் அவனிடம் போனேன். "உடு மச்சான், எம்மேல போட்ரு" என்றான். என் பெயர்கூட அப்போது அவனுக்குத் தெரியாது.

அன்றிலிருந்து அது அவன் தப்பு. பள்ளி முழுக்க அவனைப் பார்த்தால் குனிந்து பரவால்ல சிக்கு சொன்னார்கள். அவனும் சளைக்காமல் திருப்பிச் சொன்னான். மூன்றாம் படிவத்தில் ஆசிரியர் தினத்துக்குத் தமிழ்மொழிக் கழகத்துக்குப் பத்து நிமிடம் கொடுத்தபோது கலாதான் யோசனை சொன்னாள். இந்தச் சம்பவத்தையே நாடகமாகப் போடலாம், நடுவில் இரண்டு பாட்டு சேர்த்துக்கொள்ளலாம் என்று. கோயில் உருமி மேளத்தில் அடித்துக்கொண்டிருந்த குமரனை இழுத்து வந்தோம். சிக்குவாகக் கலா நடித்தாள், அவன் அவனாகவே நடித்தான். நான் பாட்டு மட்டும் பாடினேன். பத்து நிமிடம் இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. தலைமையாசிரியர் எழுந்து நின்று கைதட்டினார். குழு அப்படித்தான் பிறந்தது. பெயரும் அங்கே வந்ததுதான்.

அடுத்த வருடம் பள்ளிச் சந்தை நாளில் ஆடினோம். ஆட்டத்தின் வேகத்தில் பள்ளி மைக்கைக் குமரன் கீழே போட்டு உடைத்துவிட்டான். கட்டொழுங்கு ஆசிரியர் வருவதற்குள் நெட்டையன் உடைந்த மைக்கைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டான். மூன்று பிரம்படி. வெளியே வந்து பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே, கடைசி அடி தாளத்தில் விழவில்லை என்று குமரனிடம் குறை சொன்னான். குமரன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும்தான்.

மேடையில் அவனுக்கு ஒரு வித்தை இருந்தது, அது வித்தை என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. எங்கள் எல்லோருடைய வசனமும் பாட்டு வரியும் அவனுக்கு மனப்பாடம். ஓரத்தில் ஒயரைச் சுருட்டியபடி உதட்டை அசைத்துக்கொண்டே இருப்பான். யாருக்காவது வரி மறந்தால், ஏதோ தெரியாமல் மேடைக்குள் நுழைந்துவிட்டவன்போல வந்து ஒயரில் தடுக்கி, மறந்த வரியை எங்கள் காதில் போட்டுவிட்டு, தலையில் கைவைத்துக்கொண்டு ஓடிவிடுவான். சனம் சிரிக்கும். 'பாவம், இவன் ஒருத்தன் கோமாளி, எல்லாத்தையும் கெடுக்கிறான்' என்று முன்வரிசையில் பேசிக்கொள்வதை நானே கேட்டிருக்கிறேன். கெடுத்தது நான். ஒரே பாட்டின் இரண்டாம் சரணத்தை மூன்று கல்யாணத்தில் மறந்திருக்கிறேன்.

ஏன்டா இப்படி என்று ஒரே ஒரு முறை கேட்டேன். தொழிற்சாலையில் லைன் பார்த்துக்கொண்டிருந்த காலம் அவனுக்கு. அவன் சொன்ன பதிலில் தத்துவம் ஒன்றுமில்லை. லைனில் பொருள் கெட்டுப்போனால் மேலாளர் வந்து யாரென்று கேட்பார், ஆள் தெரிகிறவரை மெஷின் ஓடாது, அத்தனை பேரும் நிற்க வேண்டும். "ஒருத்தன் நான்தான்னு சொல்லிட்டா மத்தவங்க வேலையப் பாக்கலாம் லா" என்றான். அவ்வளவுதான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூட இருந்தவர்களுக்கு அது நல்லதாக அமையவில்லை. தப்புக்கு ஓர் ஆள் தயாராக இருந்ததால் எங்களுக்குத் தப்பு என்பதே மறந்துபோயிற்று. கலா தாமதமாக வந்து அவனைத் திட்டுவாள். குமரன் தோல் கிழிந்த உருமியைக் கொண்டு வந்து அவனைத் திட்டுவான். நானும் சும்மா இருந்தவனில்லை. அவனும் எங்களை அப்படி வளர்த்துவிட்டான், நாங்களும் வளர்ந்துவிட்டோம். யாரைச் சொல்ல?

சிம்பாங் ரெங்கத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எட்டு வருடமாகிறது. அப்போது ஜோகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. இப்போது மறுபடி சனி, ஞாயிறாக மாறிவிட்டது. ஒரு நாள் சிரம்பானிலிருந்து மாப்பிள்ளையின் சித்தப்பா என்று ஒருவர் கூப்பிட்டார். பெண் வீடு சிம்பாங் ரெங்கம், விருந்து அங்கேதான், பொங்கல் முடிந்து அடுத்த வீக்கெண்டு, முதல் நாள் சாயங்காலம் என்றார். நான் வேலையில் இருந்தேன். சரிங்க அண்ணே என்று வைத்துவிட்டு வெள்ளி என்று குறித்துக்கொண்டேன். வேறு மாநிலத்துச் சிரம்பான்காரருக்கு வீக்கெண்டின் முதல் நாள் சனி என்பது என் மண்டையில் ஏறவில்லை. தேதி கேட்க வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் குளுவாங்கிலிருந்து அதே சனிக்கிழமைக்குக் கேட்டார்கள், அதற்கும் தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு வேனில் சாமான் ஏற்றிக்கொண்டு சிம்பாங் ரெங்கம் போய்ச் சேர்ந்தோம். மண்டபம் பூட்டிக் கிடந்தது. காவலாளி பாவம், எங்கள் பேனரையும் மாட்டுப் படத்தையும் பார்த்துவிட்டு யாருக்கோ போன் போட்டார். பெண்ணின் அப்பா மோட்டார் சைக்கிளில் வந்தார். நாளைக்குத்தானே விருந்து, இன்றைக்கு எதற்கு வந்தீர்கள் என்று முதலில் சிரித்துக்கொண்டே கேட்டார். நாளைக்கு நாங்கள் குளுவாங்கில் இருப்போம் என்பது புரிந்ததும் அவர் முகம் மாறியது. அழைப்பிதழில் எங்கள் பெயரை அச்சடித்திருக்கிறார். மகளுக்கு நாங்கள்தான் வேண்டுமென்று ஆசையாம்.

"நாள் எழுதுனது யாரு?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்பது சத்தியம். ஆனால் வார்த்தை வருவதற்குள் அவன் முன்னால் போய்விட்டான்.

"நான்தாங்க ஐயா. மாத்தி எழுதிட்டேன்."

அந்த மனிதர் கை ஓங்கவில்லை. அவன் பெற்றோரை இழுத்தார், வளர்ப்பை இழுத்தார். பிறகு போனை எடுத்து அவன் முகத்தைப் படம் பிடித்தார். அவன் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றான். நான் அவனுக்கு மூன்றடி பின்னால் இடித்தபுளி மாதிரி நின்றேன். நான் சொன்ன நாளை அவன் தப்பாகக் குறித்துவிட்டான் என்று கலாவும் குமரனும்கூட நம்பிவிட்டார்கள். மறுநாள் கலா முடிவு செய்தபடி நாங்கள் குளுவாங்குக்குப் போனோம். அவன் மட்டும் மோட்டாரை எடுத்துக்கொண்டு தனியாகச் சிம்பாங் ரெங்கம் போனான். மேடையேற விடவில்லை. விருந்து முடியும்வரை மேசை மேசையாகத் தண்ணீர்ப் போத்தல் வைத்துவிட்டு வந்திருக்கிறான். இதை அவன் சொல்லவில்லை. பிறகு யாரோ சொல்லித்தான் தெரியும்.

படம் பேஸ்புக்கில் சுற்றியது. 'இந்த முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், கல்யாணத்தைக் கெடுத்தவன்' என்று அதற்கு மேலே எழுதியிருந்தது. தெரிந்தவர் தெரியாதவர் எல்லாம் கீழே வந்து திட்டினார்கள். இரண்டு மாதம் எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை. கலா எங்களைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னாள். மாசாயில் மாடி வைத்த தெருவீடு, கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். கலா கெட்டவள் இல்லை. அவளுக்குக் களைப்பாக இருந்தது. "எப்பப் பாத்தாலும் இவன்தான். கொஞ்ச நாளு வெளிய இரு, குழு பேரு நல்லாவட்டும்" என்றாள். குமரன் தரையைப் பார்த்தான். உடைந்த மைக் அவனுக்கு நினைவு வந்ததா என்று தெரியவில்லை.

நெட்டையன் என்னைப் பார்த்தான். ஒரே தடவை. கோபமில்லை, கெஞ்சலுமில்லை. ஒருவேளை பேசுவேனா என்று பார்த்த மாதிரி இருந்தது. நான் பேசவில்லை. பேசியிருந்தால் நாள் குறிக்கும் பொறுப்பு போயிருக்கும், குழுவும் போயிருக்கும், அந்தப் படத்தில் என் முகம் இருந்திருக்கும். பயம். வேறு பெரிய காரணமெல்லாம் ஒன்றும் இல்லை. அவன் தலையைக் கோதிக்கொண்டு, "சரி லா" என்று எழுந்தான்.

அந்தக் கொஞ்ச நாள் எட்டு வருடம். அதற்குள் அவன் தொழிற்சாலையை விட்டு, ஆயிரக்கணக்கான பேரோடு சேர்ந்து விடியுமுன் மோட்டாரில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவனானான். எப்போதாவது சந்தையில் பார்ப்பேன். கண் சிவந்திருக்கும். அடுத்த நிகழ்ச்சி எங்கே, எந்தப் பாட்டில் ஆரம்பிக்கிறீர்கள் என்று கேட்பான். அவன் வேலையைப் பற்றி நான் கேட்க ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுவான்.

இரண்டு வருடம் முன்னால் அவன் வீடு வாங்கிப் பால் காய்ச்சினான். போயிருந்தேன். அவன் மனைவி பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம் என்னைக் காட்டி, நந்தி கலைக்குழுவில் பாடுகிறவர் என்றார். அதோடு நிறுத்தவில்லை. "அந்தக் குழு இருக்குல்ல, எங்க வீட்டுக்காரரு சின்னப் புள்ளைல சொன்ன ஒரு வார்த்தைலதாங்க பொறந்துச்சு" என்று முழுக் கதையையும் சொன்னார். வணக்கம், உயர்த்திய கை, நந்தி, பரவால்ல சிக்கு எல்லாம் சரியாக வந்தது. எத்தனை தடவை வீட்டில் சொல்லியிருப்பான் என்று தெரிந்தது. அவன் சீப்பை எடுத்துத் தலையைச் சீவிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன். அடடா, என்னுடைய அசட்டுத்தனத்தை இன்னும் இவன் சுமந்துகொண்டு அலைகிறானே, மனைவி வாயால்கூடக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு மனம் கனத்தது. ஒரு நாள் ஊரறிய உண்மையைச் சொல்லி அவனை விடுவிக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். இரண்டையும் சொல்ல வேண்டும், நந்தியையும் சிம்பாங் ரெங்கத்தையும்.

சென்ற மாதம் குழுவுக்கு வெள்ளி விழா. மாசாய் பலநோக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. பழைய மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், எங்கள் சிக்குவும் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். குழு எப்படிப் பிறந்தது என்று நான் பத்து நிமிடம் பேசுவதாக ஏற்பாடு. அவனையும் கூப்பிட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கலா தடுக்கவில்லை. அவன் மனைவியோடு வந்து ஏழாவது வரிசையில் உட்கார்ந்தான். மனைவி புதுப் புடவை உடுத்தியிருந்தார்.

மேடையேறி வழக்கமான கதையை ஆரம்பித்தேன். 'பரவால்ல சிக்கு' இடத்தில் எல்லோரும் வழக்கம்போலச் சிரித்தார்கள், அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு, அதைச் சொன்னது அவன் இல்லை, நான் என்றேன். என் மானத்தைக் காப்பாற்றக் கை தூக்கினான், இத்தனை வருடமும் வாய் திறக்கவில்லை என்றேன். யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். பிறகு மொத்தமும் எழுந்து நின்றது. கலா அழுதுகொண்டே கீபோர்டை விட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். சிக்கு தம் இடத்திலிருந்தே விரலை ஆட்டி, ஓ, அது நீதானா என்று மலாயில் கேட்டுச் சிரித்தார்.

அந்த இடத்தில் நான் இரண்டாவதைச் சொல்ல வேண்டும். வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. ஆனால் இருபத்தைந்து வருடத்தில் எனக்கு அப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை. அது நின்றுவிடும் என்று தெரிந்தது. சிறுவயதுத் தப்பை ஒப்புக்கொண்டால் பெரிய மனிதன் என்பார்கள், எட்டு வருடத்துக்கு முந்தைய தப்பை ஒப்புக்கொண்டால் என்ன சொல்வார்கள் என்றும் தெரிந்தது. நோகாமல் நுங்கு தின்றுவிட்டு மைக்கைக் குமரனிடம் கொடுத்தேன்.

சாப்பாட்டு வரிசையில் அவன் எனக்குப் பின்னால் வந்து நின்றான். மனைவி வரவில்லை, நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். சுற்றி நின்றவர்கள் என் முதுகைத் தட்டிக்கொண்டே போனார்கள்.

"நல்லா பேசுன மச்சான்" என்றான்.

ரொம்ப நாளாக மனதில் இருந்தது, உன்மேல் இருந்த பாரத்தை இறக்கிவிட்டேன் என்று நான் சொன்னேன். அவன் தட்டை எடுத்து, ஈரத்தைத் துணியில் நிதானமாகத் துடைத்தான்.

"எம்மேல ரெண்டு கெடந்துச்சு" என்றான். "சிம்பாங் ரெங்கம் ஒன்னு, இது ஒன்னு. சிம்பாங் ரெங்கத்த நீ எறக்குவன்னு நெனச்சுதான் அவளயும் கூட்டிட்டு வந்தேன்."

துணியை மடித்து வைத்தான்.

"இது நான் ஆசப்பட்டு வெச்சிருந்தது டா. பாடத் தெரியாது, அடிக்கத் தெரியாது. குழுவுல என்னோடதுன்னு இந்த ஒன்னுதான் இருந்துச்சு. இப்ப அவகிட்ட என்னா சொல்லுவேன்?"

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் உண்மையிலேயே யோசனை கேட்டான். மனைவியிடம் என்ன சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. வரிசை நகர்ந்தது. முன்னால் இருந்தவர் திரும்பி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மறுபடி பார்த்தபோது துடைத்த தட்டு மேசைமேல் இருந்தது, அவர்கள் இரண்டு பேரும் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் பாலத்தைக் கடக்க வேண்டும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனான்.

கலாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நேற்று ஓர் இருபத்தோராம் பிறந்தநாள் நிகழ்ச்சி, ஒரு தாமான் குடியிருப்பின் மண்டபத்தில். அறிவிப்பாளரிடம் கலா புதிதாக ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தாள். இந்தக் குழு பிறக்கக் காரணமான அந்த வார்த்தையைச் சொன்னவர் என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து நின்றேன்.